டீ வாங்கி வந்த சக்கரம்

சென்றாயன் வாயைத் திறந்தால் என் டயர் கடையில் காற்றடிக்கிற மெஷினே தேவைப்படாது. அன்றைக்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

பாண்டீஸ்வரி தன் பிக்கப்புக்கு வீல் பார்க்க வந்திருந்தாள். தாண்டிக்குடி மலையிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மலைவாழைத் தார் இறக்குகிறவள். போன வாரம் வளைவில் வீல் கோணி, தாரெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டது. இன்னொரு தடவை வண்டி நின்றால் லோடு வேறு ஆளுக்கு என்று வியாபாரி சொல்லிவிட்டார். அவளுக்கு அந்தப் பயம் இருந்தது. இருந்தும் கண் என்னவோ பளபளக்கிற அலாய் வீல் மேலேதான்.

"இரும்பு வீலா? த்தூ! அதுல தோசை ஊத்தலாம் தங்கச்சி, வண்டி ஓட்ட முடியாது. என் வண்டியில அகல அலாய். எதிர்ல வர்ற பஸ் டிரைவர் அதுல மூஞ்சி பார்த்து சவரம் பண்ணிட்டுப் போவாரு" என்றான் சென்றாயன்.

"பஸ்ஸை யாருப்பா ஓட்டுறது?" என்றேன்.

"கண்டக்டர்! நடுவுல பேசாதண்ணே. கொண்டை ஊசி வளைவுல ஒடிச்சேன் பாரு, அந்தப் பிடிக்கு ரோடே பேத்துக்கிட்டுப் பாய் மாதிரி சுருண்டு பின்னாடி வந்துருச்சு. ரோடு போட்ட காண்ட்ராக்டர் கையெடுத்துக் கும்பிட்டான். ரிவர்ஸ்ல போய் விரிச்சுக் குடுத்தேன்."

பாண்டீஸ்வரி இரும்பு வீலைக் கீழே வைத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு டன் ஏற்றி வளைவில் ஒடித்தால் அந்த அகல வீல் மட்கார்டில் உரசும். இவனுக்கென்ன, வாய்க்கு வாடகையா?

"இன்னொரு நாள் இன்ஜின் படுத்துருச்சு. முன் வீல் தானாக் கழண்டு, ரெண்டு தாரைத் தூக்கிக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போச்சு. இறக்கிட்டு, வர்றப்ப எனக்கு ஒரு டீயும் வாங்கிட்டு வந்துச்சு."

"டீ சிந்தலையா?"

"எப்படிச் சிந்தும்? அலைன்மென்ட் அப்படி! அட, வீல் மாட்டிப் பூஜை போட்ட அன்னைக்கு எலுமிச்சம்பழத்து மேல ஏத்துனேன். ஒரு பழம் நசுங்கலையே! அது முளைச்சு, இன்னைக்கு அந்த மரத்து நிழல்லதான் வண்டி நிக்குது."

"அப்ப நிழலை விட்டுட்டு இங்க எதுக்கண்ணே உக்காந்திருக்கீங்க?" என்றாள் பாண்டீஸ்வரி.

"ஊருக்குப் போற பஸ்ஸை விட்டுட்டேன் தாயி. நீ போறப்ப என்னையும்..."

நான் எழுந்துபோய்க் கடையின் பின்கதவைத் திறந்துவிட்டேன். அங்கே சென்றாயனின் பிக்கப் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அலாய் வீல்கள் விரிசல் விட்டுக் கிடந்தன. மட்கார்டு முழுக்க உரசல். அவள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"இரும்பையே மாட்டுங்கண்ணே. லோடு தாங்குமில்ல?"

"ஒரு டன்னுக்கு மேலயே தாங்கும்மா."

மாட்டி முடித்ததும் சூடம் காட்டினாள். பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். கையில் ஒன்று மிச்சமிருந்தது. சென்றாயனால் சும்மா இருக்க முடியுமா?

"அஞ்சாவது எதுக்குத் தாயி, ஸ்டெப்னிக்கா?"

"உங்க தலையில தேய்க்கண்ணே. ஏறுங்க, ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள பித்தம் தெளிஞ்சுரும்."