முள்ளனூரின் இரண்டு அடிபம்புகள்

தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் காது கொடுங்கள். எனக்கு இந்த வழக்கை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

தருமபுரிப் பக்கம் முள்ளனூர் என்றொரு சிற்றூர். அங்கே குடிக்க இரண்டு அடிபம்புகள். ஒன்று பள்ளிக்கூடத்தருகே, மற்றது ஏரிக்கரையில். பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் சந்தானகோபாலன் வந்து, தண்ணீரை ஆய்வு செய்ய அனுமதி கேட்டார். ஊராட்சித் தலைவர் தீர்த்தகிரிக்குப் பயம்.

"தண்ணியில குத்தம்னு பேரு வந்துட்டா எங்க பொண்ணுங்களை யாரு சார் கட்டுவாங்க? வெளியாளுங்க ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"வெளியாருக்குச் சொல்ல மாட்டேன்" என்று பேராசிரியர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இரண்டு பம்பிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனவர் போனவர்தான்.

ஒரு பம்பில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உப்பு, இருக்கலாம் என்ற அளவைப் போல் மூன்று மடங்கு இருந்தது. மற்றது நல்ல தண்ணீர். இதை அவர் ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் எழுதினார். வெளிநாட்டு இதழில் வந்தது. விருதும் கிடைத்தது, சால்வையும் போர்த்தினார்கள்.

இரண்டு வருடம் போயிற்று. முள்ளனூர் மாதம்மாளின் மகள் பொன்னிக்கு ஏழு வயது. பல்லெல்லாம் பழுப்பேறி, முழங்கால் வளையத் தொடங்கியது. "தண்ணீர்தான் காரணம், உடனே மாற்றுங்கள்" என்றார் மருத்துவர். வீட்டில் இரண்டு பம்புத் தண்ணீரும்தான் குடித்தார்கள்; எதை விட்டு எதற்கு மாறுவது? மாதம்மாள் மூன்று பேருந்து மாறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

"எந்த பம்புன்னு மட்டும் சொல்லுங்க சார். நான் போயிடறேன்."

"ஆய்வு நெறி என்று ஒன்று இருக்கிறதம்மா. கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சொல்லக் கூடாது." வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், தன் கட்டுரையில் ஒரு படி எடுத்துக் கொடுத்தார். உள்ளூர் ஆசிரியை படித்துப் பார்த்தாள். 'ஊர் ஆ, பம்பு ஒன்று, பம்பு இரண்டு' என்றிருந்தது. எது ஒன்று, எது இரண்டு என்று அதில் இல்லை.

மாதம்மாள் நேரே ஒரு செய்தியாளரிடம் போய், கட்டுரையைக் காட்டி ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டாள். செய்தி வந்த வாரமே அதிகாரிகள் ஓடிவந்து சோதித்து, பள்ளிக்கூடத்துப் பம்பைப் பூட்டினார்கள். அதே வாரம் ஊரில் நிச்சயமான இரண்டு கல்யாணம் நின்றுபோனது. ஒன்று தீர்த்தகிரியின் மகளுடையது.

"ஊரு மானத்தை வித்துட்டா" என்றார் தீர்த்தகிரி.

"நான் என் வாக்கைக் காப்பாற்றினேன்" என்றார் பேராசிரியர்.

"எம் பொண்ணு காலை நான் பாக்க வேணாமா?" என்றாள் மாதம்மாள்.

மானத்தைக் காக்க நினைத்தவர் ஒருவர், வாக்கைக் காத்தவர் ஒருவர், பிள்ளையைக் காக்க ஊரைக் காட்டிக்கொடுத்தவள் ஒருத்தி. இதில் யார் செய்தது சரி? நின்றுபோன கல்யாணங்களுக்குப் பழி யாருடையது?

விடை: மாதம்மாள் செய்ததே சரி. பழி பேராசிரியருடையது. தீர்த்தகிரி கேட்டது வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்பதுதான். அந்தத் தண்ணீரை அன்றாடம் அடித்துக் குடிக்கிற மாதம்மாள் எப்படி வெளியாள் ஆவாள்? அவள் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாக்கும் தவறியிருக்காது, கல்யாணமும் நின்றிருக்காது. யாரிடமிருந்து மறைப்பது என்று தெரிந்தவருக்கு, யாருக்குச் சொல்வது என்று இரண்டு வருடத்தில் ஒருநாளும் தோன்றவில்லை. பொன்னியின் முழங்கால் இனி நிமிராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.