நின்றே ஜெயித்த மட்டக்குதிரை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுவோம். அந்நாட்டு ராஜாவுக்கு நெடுந்தூரக் குதிரைப் பந்தயம் என்றால் உயிர். எல்லை ஊரில் புறப்பட்டு, காடு மேடெல்லாம் கடந்து தலைநகர் வந்து சேர வேண்டும். பந்தயத்தை நடத்தியது நாட்டுக்கே பொதுவான குதிரைச் சபை. வழியில் சத்திரத்துக்குச் சத்திரம் சபையின் வைத்தியர் குதிரையின் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பார். படபடப்பு அடங்கினால்தான் மேலே விடுவார். நொண்டினால், யார் குதிரையானாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்.

அந்த வருஷம் நொண்டி நின்றது ராஜாவின் செவலைக் குதிரை. ஓட்டி வந்த தளவாய் குமாரவீரருக்கு மானம் போயிற்று.

"ஓடுகிற குதிரையை நிறுத்துவதற்கு ஒரு சபையா, மகாராஜா? கலைத்துவிடுங்கள். பந்தயத்தை மறுபடி வையுங்கள். செவலையை ஒரே மூச்சில் ஓட்டிக் காட்டுகிறேன்!"

ராஜாவும் கலைத்துவிட்டார். அரசவை விகடகவி அரங்கையனுக்குச் செவலையைப் பற்றித்தான் கவலை. செவலையின் கால் இன்னும் ஆறவில்லை. ஒரே மூச்சில் ஓடினால் அதுவே கடைசி மூச்சாகிவிடுமே!

"நானும் கலந்துகொள்ளலாமா, மகாராஜா?" என்றான்.

"உமது மட்டக்குதிரையிலா? தாராளமாக வாரும்!" என்று சிரித்தார் தளவாய்.

மறுநாள் கோட்டை வாசலில் முரசு முழங்கியது. எல்லை ஊருக்குக் கிளம்பத் தயாராக நின்ற வீரர்களிடம் ராஜா அறிவித்தார்: "எவர் குதிரை இந்த வாசலில் முதலில் வந்து நிற்கிறதோ, அவருக்கே வெற்றி. வேறு விதியே கிடையாது!"

அரங்கையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மட்டக்குதிரையை நடத்தி வந்தான். வாசலில் நிறுத்தி, ஒரு பிடி புல்லையும் போட்டான்.

"வந்து நின்றுவிட்டது, மகாராஜா. பந்தயம் முடிந்தது. செவலையின் சேணத்தை இறக்கச் சொல்லுங்கள்."

"அக்கிரமம்! எல்லை ஊரிலிருந்து புறப்பட வேண்டாமா?" என்று குதித்தார் தளவாய்.

"அப்படி யார் சொன்னது, தளவாயாரே?"

"எப்போதும் சபைதானே..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "எங்கே புறப்படுவது, எது செல்லும், எது செல்லாது... இதையெல்லாம் சொல்ல ஆள் வேண்டாமா, அரங்கையா?"

"இருந்தார்கள், மகாராஜா. நேற்றுத்தான் வீட்டுக்கு அனுப்பிவைத்தீர்கள்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். உடனே சபையை அழைத்து வரச் செய்தார். வைத்தியர் செவலையின் காலைத் தடவிப் பார்த்து, மழைக்காலம் முடியும்வரை லாயத்தை விட்டு நகரக்கூடாது என்றார். மகிழ்ச்சியோடு பந்தயப் பரிசான பொற்கிண்ணத்தை அரங்கையனிடம் நீட்டினார் ராஜா.

சபைத் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "மன்னிக்க வேண்டும், மகாராஜா. ஓடாத குதிரைக்குப் பரிசு கிடையாது."

எல்லோரும் திகைத்துப் போனார்கள். அரங்கையன் மட்டும் கை தட்டினான். "பார்த்தீர்களா, மகாராஜா! வேலையைத் தொடங்கிவிட்டார்கள்!"

கிரீடம் நழுவுகிற அளவுக்குச் சிரித்த ராஜா, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அரங்கையனுக்குப் போட்டார். போடுவதற்கு முன், எதற்கும் இருக்கட்டும் என்று சபைத் தலைவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.