சிங்காரம் சுற்றிவந்த பட்டணம்

கிண்டிக் காட்டுக் குளத்தங்கரையில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. சாயங்காலம் ஆனால் காட்டுப் பிராணிகள் எல்லாம் அதைச் சுற்றி வந்து உட்காரும். பாறைமேல் ஏறுகிறவர் கதை சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

மூன்று வருஷமாகப் பாறை சிங்காரம் என்ற குரங்குக்குத்தான். அவன் பகலெல்லாம் மதில்மேல் உட்கார்ந்து ரோட்டை வேடிக்கை பார்ப்பான். சாயங்காலம் வந்து, பட்டணத்தையே சுற்றிவந்தவன் மாதிரி அளந்துவிடுவான். போய்ப் பார்த்தவர் யாரும் இல்லாததால் எல்லாரும் நம்பினார்கள். அதிலும் ஆமை இருக்கிறாளே, அவள்தான் முதல் ஆளாக வந்து பாறையடியில் இடம் பிடிப்பாள். "அப்புறம்ண்ணே? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்த 'அப்புறம்' ஒன்று போதும் சிங்காரத்துக்கு, சோறு தண்ணீர் வேண்டாம்.

அப்படி இருக்கையில்தான் மைனா ஒருத்தி அந்தக் காட்டுக்குக் குடிவந்தாள். அவள் தினமும் பட்டணத்துக்குப் பறந்து போய் வருகிறவள்.

"இன்னிக்கு சென்ட்ரல் மணிக்கூண்டுல பெரிய முள்ளு மேல குந்தினேன்! முள்ளு கீழ எறங்க எறங்க நானும் சறுக்கினே வந்துட்டேன்!" என்றாள் முதல் நாள். காடே சிரித்தது.

மறுநாள், "பாரீஸ் முனையில அத்தோ துன்னேன்! நீள நீளமா நெளியுது. புழுன்னு நெனச்சு இழுத்தேன், பாத்தா நூடுல்ஸ்!" என்றாள்.

மூன்றாம் நாள் வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்தாள். மெரினா சுண்டலில் கிடந்த மாங்காய்த் துண்டு. அதை ஆமையின் முன்னால் வைத்து, "உனக்குத்தான் கொண்டாந்தேன்" என்றாள். ஆமை கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். மென்று முடித்து, மைனாவைப் பார்த்து, "அப்புறம்?" என்றாள்.

சிங்காரத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. அது அவனுடைய 'அப்புறம்'! மூன்று வருஷமாக அவனுக்கே அவனுக்கென்று இருந்தது!

அன்றிலிருந்து மைனா வாயைத் திறந்தால் அவன் ஆலமர உச்சிக்கு ஏறிவிடுவான். இரண்டு காதிலும் இலையைச் சுருட்டி அடைத்துக்கொள்வான். கீழே எல்லாரும் சிரிப்பதைப் பார்த்தால் மட்டும் காந்தும். எட்டு நாள் இப்படியே போயிற்று. ஒன்பதாம் நாள் காலையில் அவனால் தாங்க முடியவில்லை. இறங்கி வந்து பாறைமேல் குதித்தான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! இன்னிக்கு நானே பட்டணத்துக்குப் போறேன். இவ பாக்காததைப் பாத்து, இவ துன்னாததைத் துன்னுட்டு, பொழுது சாய வந்து சொல்றேன். சொல்லாட்டி இந்தப் பாறைல இனிமே காலே வெக்க மாட்டேன்!"

"பேஷாப் போயிட்டு வாண்ணே! நான் வேணா வழி காட்டட்டா?" என்றாள் மைனா.

"உன் தயவுல ஊர் பாக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா?" என்று சீறிவிட்டு, மதில் தாண்டி, ஒரு பஸ்ஸின் கூரையில் ஏறிக்கொண்டான்.

முதலில் வந்தது சென்ட்ரல். சிவப்புக் கட்டிடமும் உயரமான மணிக்கூண்டும் வெயிலில் பளபளத்தன. சிங்காரம் வாயைப் பிளந்தான். அடுத்த நொடியே ஞாபகம் வந்தது. 'சீ, அவள் சறுக்கிய முள்!' வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பாரீஸ் முனையில் தள்ளுவண்டிகளிலிருந்து புளியும் வறுத்த பூண்டும் மணத்தன. அவனுக்கு நாக்கு ஊறியது. 'அவள் தின்ற அத்தோ!' மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனான்.

மயிலாப்பூரில் ஒரு கோபுரத்தைப் பார்த்ததும் விறுவிறுவென்று ஏறினான். அங்கே சுதையில் செய்த குரங்கு ஒன்று, அச்சு அசலாக அவனைப் போலவே உட்கார்ந்திருந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நல்ல கதை! ஆனால் அதன் தலையில் ஏதோ பறவை எச்சம் போட்டிருந்தது.

"இங்கேயும் வந்துட்டாளா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான். அந்த ஊரில் பறவை அவள் ஒருத்திதானா என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

மெரினாவுக்கு வந்தபோது பசியில் அவன் கண் இருட்டியது. கலங்கரை விளக்கத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு குழந்தை சுண்டல் பொட்டலத்தை நீட்டியது. 'அவளுடைய சுண்டல்!' தட்டிவிட்டான்.

பக்கத்தில் ஒரு அம்மாள் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். நீளமான மிளகாயை மாவில் முக்கி எண்ணெயில் விட்டாள். அது பொன்னிறமாக உப்பி மிதந்தது. அவள் சிங்காரத்தைப் பார்த்தாள்.

"தோ பாருடா, பசியில கண்ணு உள்ள பூட்டுக்கீது! இந்தா, துன்னு!" என்று ஒரு பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்துத் தள்ளினாள்.

சிங்காரம் அதைக் கையில் எடுத்தான். சுடச்சுட இருந்தது. கடிக்கப் போகிறபோது ஒரு சந்தேகம் வந்தது. 'இதையும் அவள் தின்றிருப்பாளோ?' யோசித்து யோசித்துப் பார்த்தான். எட்டு நாள் அவள் சொன்னது ஒன்றுமே காதில் விழவில்லையே! 'தின்றுதான் இருப்பாள். அவள் எதைத்தான் விட்டாள்?'

பஜ்ஜியை மணலில் வீசினான். காக்காய் கொத்திக்கொண்டு போயிற்று.

பொழுது சாய்ந்தது. வயிறு முதுகோடு ஒட்ட, சிங்காரம் பாறைமேல் வந்து உட்கார்ந்தான். காடு முழுக்கக் கூடியிருந்தது. ஆமை பாறையடியில் பழைய இடத்தில் காத்திருந்தாள்.

"சொல்லுண்ணே! என்னால ஜென்மத்துக்கும் அவ்ளோ தூரம் போக முடியாது. நீ சொன்னாத்தான் எனக்கு ஊரு!"

சிங்காரம் தொண்டையைச் செருமினான். "சென்ட்ரல் பாத்தேன். அங்க… இவ சறுக்கின முள்ளு இருந்துச்சு."

"அப்புறம்?"

"பாரீஸ்ல இவ துன்ன அத்தோ. மயிலாப்பூர்ல இவ போட்ட எச்சம். பீச்சுல இவ துன்ன சுண்டல். மொளகா பஜ்ஜி ஒண்ணு கைல வந்துச்சு, அதையும் இவ துன்னிருப்பான்னு தூக்கிப் போட்டுட்டேன்."

ஆமை கழுத்தை நீட்டி அவனைப் பார்த்தாள். "இது பூரா மைனா கதைதானேண்ணே. உன் கதை எங்க?"

அதற்குள் மைனா பாறைக்குப் பக்கத்தில் தத்தித் தத்தி வந்தாள்.

"மொளகா பஜ்ஜியா? அதை நான் துன்னதே இல்லியேண்ணே! என் வாயில அது அடங்குமா? பெரிய வாய்க்காரன் நீ போறே, துன்னுட்டு வந்து சொல்லுவேன்னு காலையிலேருந்து ஆசையாக் குந்தினுகீறேன். எப்டிதான் இருந்துச்சு?"

சிங்காரம் ஆமையைப் பார்த்தான். அவள் இன்னும் கழுத்தை நீட்டியபடிதான் இருந்தாள். அந்த 'அப்புறம்' மட்டும் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. அவன் மெதுவாகப் பாறையை விட்டு இறங்கி, கூட்டத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

அடுத்தவரை நினைத்தே புழுங்குகிறவன் ஊரெல்லாம் சுற்றினாலும் தனக்கென்று ஒன்றையும் பார்க்கவும் மாட்டான், ருசிக்கவும் மாட்டான்.