கடைசி அணிக்கே முதல் ஆள்

ஒரு காட்டில் மழை ஓய்ந்தால் போதும், பந்தாட்டம் தொடங்கிவிடும். பந்து என்றால் வேறொன்றுமில்லை, முற்றிய விளாங்காய்தான். அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டும்.

அங்கே நான்கு அணிகள். அருவிக்கரை அணிக்குக் கரடி தலைவர். ஆண்டுதோறும் ஆட வரும் இளம் வீரர்களுக்கு ஆளுக்கொரு தேனடை கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும். முள்காட்டு அணியின் தலைவரான கீரியிடம் இருந்ததோ உதிர்ந்த நாவற்பழம். யார் வருவார்கள்? பாவம், எப்போதும் கடைசி இடம்தான்.

அந்த ஆண்டு புதிதாக ஆட வந்த காட்டுப்பன்றி ஒன்று பிரமாதமாக ஓடியது. கீரி மூச்சிரைக்கப் போய் அழைத்தது.

"கரடியார் என்ன தருவார் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேனே" என்றது பன்றி.

வாடிய முகத்தோடு கீரி திரும்பியது. "தலைவரே, அணியைக் கலைத்துவிடலாமா?" என்று அணியில் இருந்த ஆமை மெல்லக் கேட்டது. கீரிக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் தலைவர்கள் கூடினார்கள். கீரி தயங்கித் தயங்கி எழுந்தது.

"இனி புது வீரர்களை முறை வைத்து எடுப்போம். கடைசியில் வந்த அணி முதலில் எடுக்கட்டும். ஜெயித்த அணி கடைசியில் எடுக்கட்டும்."

"இது என்ன கூத்து! கரடியண்ணன் ஒத்துக்கொள்வாரா?" என்று சிரித்தது மேட்டுக்காட்டு அணியின் நரி.

கரடி சிரிக்கவில்லை.

"போன ஆட்டத்தில் நாற்பதுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தேன். நிமிர்ந்து பார்த்தால் மரத்தில் ஒரு குரங்குகூட இல்லை. பாதியிலேயே எழுந்து போய்விட்டன. கீரித் தம்பி, நீயும் போய்விட்டால் நான் யாரோடு ஆடுவேன்? உன் சொல்படியே ஆகட்டும்."

கீரி முதல் ஆளாகப் பன்றியை அழைத்தது. தேனடை கைநழுவிய வருத்தத்தில் பன்றி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தது. ஆமை தன் பங்கு நாவற்பழங்களை அதன் முன் தள்ளி, "நீ வந்தாயே, அதுவே போதும்" என்றது. பன்றிக்கு மனம் இளகிவிட்டது.

இரண்டு மழைக்காலங்கள் போயின. இறுதி ஆட்டத்தன்று மரங்களில் தொங்க இடமில்லை. கடைசி நொடியில் பன்றி கோட்டைத் தாண்டியது. கரடியின் அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது!

கீரிக்கு மகிழ்ச்சி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கோபத்தில் கரடி முறையை மாற்றிவிட்டால்?

கரடி நொண்டிக்கொண்டே வந்தது. கீரியை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது.

"அடுத்த வருடம் உனக்கு முன்னால் நான்தான் ஆள் எடுப்பேன். மறந்துவிடாதே, தம்பி!"

நீதி: தோற்பவரையும் தூக்கிவிட்டால்தான் வெல்பவரின் ஆட்டம் நிலைக்கும்.