ஒரு கல் குறைந்த கோயில்

"சுண்ணாம்புல கருப்பட்டித் தண்ணி கூடிப்போச்சுன்னா..." என்று மாமனார் ஏதோ சொல்லியிருந்தார். மீதிப் பாதி கொத்தனார் சுவிசேஷமுத்துவுக்கு நினைவில்லை. சுவர் இரும்பாகும் என்றுதான் சொல்லியிருப்பார் என்று அவராகவே முடிவுகட்டி, குடம் குடமாக ஊற்றிச் சாந்து குழைத்தார்.

அந்தக் காலத்தில் எறும்புக்கும் பேச வாய் இருந்தது. தேரிக்காட்டுப் பனையேறிகள் முதன்முதலாகத் தங்களுக்கென்று ஒரு கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை செய்ய பிஷப் ஐயா குதிரையில் வருகிறார். நாலு சுவரும் நிற்காவிட்டால் திரும்பிப் போய்விடுவார். மறுபடி இந்தப் பக்கம் வர மூன்று வருஷமாகும்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் வடக்குச் சுவர் முழுக்க எறும்பு. கல்லிடுக்கிலிருந்த சாந்தைத் துணுக்குத் துணுக்காகச் சுமந்துகொண்டு போயின.

"ஓய் கொத்தனாரே, கோயில் கெட்டச் சொன்னா பலகாரம்லா செஞ்சு வச்சிருக்கீரு!" என்று சபையை நடத்தும் உபதேசியார் மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டார்.

உபதேசியாரின் மனைவி ஞானப்பூ ஒரு பானை வெந்நீரைக் கொண்டுவந்து, சுவரடியில் இருந்த புற்றைக் காட்டினாள். "ஊத்தும் அண்ணாச்சி. ஒரே ஊத்து, தீந்துச்சு."

பானையைச் சாய்க்கப் போனவரிடம் ஒரு கட்டெறும்பு கேட்டது: "வீடு கெட்டித் தந்துட்டு வெந்நி ஊத்துதீரே, இது என்ன நியாயம்?"

"ஒங்களுக்கா கெட்டுனேன்? இது ஆண்டவர் வீடுல்லா!"

"அவருக்கா இம்புட்டு இனிப்பு?"

சுவிசேஷமுத்து சாய்த்த பானையை நிமிர்த்தினார். "சரி, என்னதான் வேணும்?"

"குடியிருக்க ஒரு கல்லளவு எடம். அதுக்குள்ள கொஞ்சம் கருப்பட்டி. மத்தச் சுவர்ல கால் வைக்க மாட்டோம்."

அந்தச் சுவரின் அடிவரிசையில் அடைபடாமல் இருந்தது ஒரே ஒரு கல்லின் இடம்தான். வேறு எந்தக் கல்லைப் பெயர்த்தாலும் சுவர் சரியும். அங்கே வைக்கவேண்டிய கல் பக்கத்திலேயே கிடந்தது. சபையாரிடம் அனுமதி வாங்கி, மூன்று நாள் உட்கார்ந்து, அதில் தன் பெயரை அவரே கொத்தியிருந்தார்.

"பேரு போயிருமே வே," என்றார் உபதேசியார், குரலை இறக்கி.

சுவிசேஷமுத்து பானையைக் கீழே வைத்தார். "தங்கச்சி, ஒரு வட்டுக் கருப்பட்டி கொண்டாம்மா."

ஞாயிற்றுக்கிழமை பிஷப் ஐயா வந்தபோது நாலு சுவரும் நின்றன. அன்று முதல்தான் அந்தக் கோயிலின் வடக்குச் சுவரில் ஒரு கல் குறைகிறது. எறும்புகளும் சுவரேறாமல் அடியோரமாகவே ஊர்ந்து அந்தப் பொந்துக்குள் போகின்றன. பெயர் கொத்திய கல்லை, எழுத்து மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து, சுவிசேஷமுத்து வாசற்படியாகப் போட்டார்.