தலையணை உறைக்குள் இட்லி

“கொழந்தையத் திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேன், அம்மா.”

ஆசிரமத்துக்கு வந்து உட்கார்ந்ததும் பூபாலன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

ஆசிரமத்தை நடத்தும் சுகந்தி அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. வயதில் பூபாலனைவிடச் சிறியவர். இருந்தாலும் அவர் முன்னால் இவன் குரல் தானாகத் தணிந்துவிடும்.

“செவ்வந்தியவா? ஏன்?”

“திருடுறா. மூணு வேளையும் வயிறு நெறையப் போடுறோம். அப்புறமும் பிஸ்கட், இட்லின்னு கெடைச்சதையெல்லாம் தலையணை உறைக்குள்ள ஒளிச்சு வைக்கிறா. எறும்பு மொய்க்குது. நேத்து அவ கண்ணு முன்னாடியே எல்லாத்தையும் குப்பையில கொட்டினேன். அப்பவாவது புத்தி வரட்டும்னு.”

செவ்வந்திக்கு நாலு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது, பூட்டிய வீட்டுக்குள் பட்டினி கிடந்தவளை அக்கம்பக்கத்தார் மீட்டு, குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்துதான் பூபாலன் தத்தெடுத்தான். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

“டாக்டர்கிட்டக் காட்டச் சொன்னேனே, என்ன சொன்னார்?”

“செரோட்டோனின்னு மூளையில ஒரு ரசாயனம் இருக்காம். பச்சப்புள்ளைல மூளை வளர்றப்ப அதுவும் கூட இருந்து மூளையக் கட்டுமாம். அந்த நேரத்துல பசியும் பயமுமா இருந்தா, கட்டுறதே வேற மாதிரி ஆயிடுமாம். அது நல்லாப் புரிஞ்சுது அம்மா. இவ ஏன் திருடுறாங்கறதுதான் புரியல.”

படித்தவன். என்ன பிரயோசனம்? டாக்டர் சொன்னதை டாக்டர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

அம்மாள் கீரையில் பாதியை அவன் பக்கம் தள்ளினார்.

ஆய ஆரம்பித்தான். நாலு தண்டு ஆய்வான். கை சட்டைப் பைக்குப் போகும். தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

“பையில என்ன?”

“போன் அம்மா. போன வருசம் பஸ்ஸுல ஒரு போன் பறிபோச்சு. அதுலேர்ந்து இப்படித்தான். கை தானாப் போகுது.”

“இங்க நான் மட்டும்தான் இருக்கேன். நான் எடுத்துடுவேனா?”

“ஐயோ, உங்களப் போயி...”

“பின்னே?”

மறுபடி பைக்குப் போன கையைப் பூபாலன் பாதியிலேயே இழுத்துக்கொண்டான்.

“ஒரு போன்,” என்றார் அம்மாள். “அதுவும் நாப்பது வயசுல.”

கீரைத் தண்டு அவன் கையிலேயே நின்றுவிட்டது. குப்பைக் கூடையில் விழுந்த இட்லிகள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

“நேத்து கொட்டுனப்ப அவ அழக்கூட இல்ல அம்மா. பாத்துக்கிட்டே நின்னா. நான் பிடிவாதம்னு நெனச்சுட்டேன்.”

அம்மாள் இப்போதுதான் நிமிர்ந்தார்.

“அழுதா யாராவது வருவாங்கன்னு தெரிஞ்ச கொழந்ததான் அழும்.”