கற்பகச்சோலையின் அதிவேகக் கம்ப்யூட்டர்

கற்பகச்சோலை குடியிருப்பில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் செலவு செய்யாததால் அத்தனையும் பத்திரமாக இருந்தது. அதிலும் சங்கத்துத் தலைவர் நாகசுந்தரம், செயலாளர் பிச்சுமணி, பொருளாளர் தாமோதரன் மூவரிடமும் கறை படாமல் புத்தம் புதுசாக இருந்தது.

இவர்கள் கேட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். வருகிறவர் எந்த வீட்டுக்காரரைப் பார்க்க வந்தாரோ, அந்தப் பேர் இருக்கிறது என்று அது சொன்னால்தான் கேட்டைத் திறப்பார்கள். சாஃப்ட்வேர் போட வந்தவர் தெளிவாகத்தான் சொன்னார்.

"சின்னதா போட்டா கம்ப்யூட்டர்ல இடம் மிச்சம் சார். ஆனா முதல் வீட்டிலேர்ந்து ஒவ்வொரு பேரா பார்த்துட்டு வரும், நேரமாகும். பெரிசா போட்டா சட்டுனு சொல்லிடும், ஆனா இடம் அடைக்கும். வேண்டாததை அழிச்சுட்டுப் போட்டுக்கலாம்."

சின்னதையே போட்டார்கள். மிச்சமான இடத்தில் தலைவரின் அறுபதாம் கல்யாண வீடியோ ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை வசுமதியின் மகள் ஆரபியைப் பெண் பார்க்க வருகிறார்கள். இரண்டு வருஷமாகத் தட்டித் தட்டிப் போய், இப்போதுதான் ஒரு நல்ல இடம் வாய்த்திருக்கிறது. நாலரைக்கு ராகு காலம். பஜ்ஜி ஆறுகிறது, ஆளைக் காணோம். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வசுமதி கீழே ஓடினாள். மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமுமாகக் கேட்டுக்கு வெளியே வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். உள்ளே சங்கத்து மூவரும் சுற்றி நிற்க, கம்ப்யூட்டர் இன்னும் முதல் மாடியைத் தாண்டவில்லை.

"என் வீட்டுக்குத்தான் சார் வந்திருக்காங்க. திறங்க!"

"நீங்க சொன்னா ஆச்சாம்மா? அது சொல்லணும்," என்றார் பிச்சுமணி.

"ராகு காலம் வந்துட்டா திரும்பிப் போயிடுவாங்க சார்!"

தலைவருக்கு மனசு இளகிவிட்டது. "பாவம், பெரிசையே போட்டுடலாம். எதை அழிக்கறது?"

"உங்க கல்யாண வீடியோ?" என்றார் தாமோதரன்.

"அபசகுனமா பேசாதய்யா!"

"அப்ப குடியிருக்கறவங்க பட்டியல்தான் இருக்கு. நாமெல்லாம் இங்கேயேதானே இருக்கோம், நம்மை யார் தூக்கிண்டு போகப்போறா? அழிச்சுடலாம்."

அழித்தார்கள். பெரிசு ஜம்மென்று ஏறியது. பிச்சுமணி 'வசுமதி' என்று தட்டி விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது: இல்லை.

மூவரும் கைதட்டினார்கள். "என்ன வேகம் பார்த்தேளா!"

"யோவ், நான் முன்னால நிக்கறேனே!" வசுமதிக்கு மரியாதை தீர்ந்துவிட்டது.

தலைவர் தன் பேரைத் தட்டினார். இல்லை. மற்ற இருவரும் தட்டினார்கள். அவர்களும் இல்லை.

"அப்ப நாம உள்ளே நிக்கறது தப்பாச்சே," என்றார் தலைவர் கவலையாக.

"சட்டம்னா சட்டம்," என்றார் பிச்சுமணி. கேட்டைத் திறந்து மூவரும் வரிசையாக வெளியே போய் நின்றார்கள். திறந்த கேட் வழியாக வசுமதி சம்பந்தியம்மாளின் கையைப் பிடித்து இழுத்து, மொத்தக் கூட்டத்தையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். நாலரைக்குள் கேசரியே கொடுத்தாகிவிட்டது.

மூவரும் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே வெயிலில் அவசரக் கூட்டம் நடத்தினார்கள். தாமோதரனுக்குத்தான் வழி தோன்றியது. கம்பிக்குள் தலையை நுழைத்து இரண்டாம் மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"வசுமதியம்மா! இறங்கி வந்து பழைய சின்னதையே போட்டு விடுங்கோ! நாங்க இங்க இல்லேன்னு அது கண்டுபிடிச்சுச் சொல்ல ரொம்ப நேரமாகும். அதுவரைக்கும் நாங்க வீட்டுல போய் நிம்மதியா இருப்போம்!"